அரிவாள்மனை வந்ததும் கிளம்பிவிடலாம்

நம் ஆறாம் வகுப்பு ‘டி’ பிரிவு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தன் ஒரு வேலை வைத்தான். “ஊர்லேர்ந்து டவுனுக்குக் குடிவந்த கதைய ஆளுக்கு ஒண்ணு எழுதுங்கடா, நாளைக்கு நம்ம பிள்ளைங்க படிக்கட்டும்” என்றான். நீங்கள் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். ஒருத்தன் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போட்டான். எழுதினவன் யாருமில்லை. எனக்கு அப்போதிருந்தே இந்த வியாதி உண்டு, உங்களுக்குத் தெரியும். வீட்டுப்பாடம் என்று ஒன்று கொடுத்துவிட்டால் அதைச் செய்யாமல் எனக்குச் சோறு இறங்காது. முப்பதை நெருங்கி, காதோரம் நரை தட்டியும் அது போகவில்லை. ஆகவே இதோ என் பங்கு. தினமும் கீரனூர் வழியாகத் திருச்சிக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தட்டியது. எழுத்துப் பிழை இருந்தால் ரோட்டைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

எங்கள் ஊர் அரிமளத்துக்குத் தெற்கே. வயல் போர்க்கிணறு வற்றிப்போனதால் அப்பா லோடு ஆட்டோ ஓட்டப் புதுக்கோட்டைக்கு வந்தார் என்பது வெளியில் சொன்ன காரணம். உள்காரணம் நான். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தேவைப்பட்டதில்லை. அதனால் பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, சுவரொட்டி எதுவானாலும் நான் வாசித்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம். பதினோரு வயதில் அப்படி ஒரு அதிகாரம் கையில் இருந்தால் மனுசன் எப்படி இருப்பான்? அப்படித்தான் இருந்தேன்.

ஊரை நினைத்து அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அழவில்லை. குழாயைத் திருகினால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். சாயங்காலமானால் தெருமுனையில் பரோட்டா தட்டுகிற சத்தம். பள்ளிக்கூடத்தில் ஒரு அறை நிறையப் புத்தகம், அதற்கு ஒரு பூட்டு, அதற்கு ஒரு சார். எனக்குக் கருப்பு ஷூ. ஊரில் இருந்த காலமெல்லாம் ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருந்ததுபோலவும், இப்போதுதான் பஸ் வந்துவிட்டது போலவும் இருந்தது எனக்கு.

அம்மாவுக்குத்தான் ஒத்துவரவில்லை.

மாடி வீடு, இரண்டு அறை. கீழே வீட்டுக்கார அம்மா. சாவியைக் கொடுக்கும்போதே அவர் விரல் விட்டுச் சொன்னார்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மொட்டை மாடியில் வத்தல் போடக் கூடாது, அம்மி உருட்டக் கூடாது. எங்கள் அம்மி அப்போது லோடு ஆட்டோவில்தான் இருந்தது. அப்பா அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார்.

முதல் வாரம் தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியே இருந்ததைப் பார்த்துவிட்டு, “ஊரே ஒட்டுக்கா ஏதோ கோயிலுக்குப் போயிருக்கு போல. வரட்டும்” என்று அம்மா காத்திருந்தாள். இரண்டாவது வாரம்தான், ஆட்கள் உள்ளேயேதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகு மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிற வருகிற ஆட்களிடம் தானாகவே பேச ஆரம்பித்தாள்.

“என்னங்க, சாப்பிட்டாச்சா?”

ஸ்கூட்டரில் போன ஒருவர் குரல் எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்த்து, எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியில் மோதி இறங்கினார். பார்சல் கொண்டுவந்த பையன் ஒருத்தன், வேறு வீட்டுப் பார்சலுக்கு வழி கேட்டவன், எங்கள் வீட்டில் மோர் குடித்து, அவன் அக்கா கல்யாணம் வரைக்கும் ஒப்பித்துவிட்டுத்தான் போக முடிந்தது. அதற்கப்புறம் அவன் அந்தத் தெருவுக்கே வரவில்லை.

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் அம்மா தீர்ப்பு சொன்னாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஆவணி முடியட்டும். அதுக்குள்ள இந்தத் தெருவுல ஒருத்தி, ஒரே ஒருத்தி, ‘என்ன கொழம்பு வச்ச’ன்னு என்னையக் கேக்கணும். கேக்காட்டி நான் ஊருக்குப் பஸ் ஏறிடுவேன். நீங்க வேணா இங்கிட்டு இருங்க. இவன ஹாஸ்டல்ல சேத்து விடுங்க.”

“ஏன், நான் கேக்குறனே தெனமும்.”

“நீங்க கேக்குறது பசியில. அது வேற.”

ஹாஸ்டல் நண்பர்கள் மன்னிக்க வேண்டும். அந்தச் சொல் எனக்கு ஆகவே ஆகாது. உங்களில் ஒருத்தனுக்கு முதல் வாரத்திலேயே செருப்பு, தட்டு, சோப்பு டப்பா மூன்றும் காணாமல் போய், அவன் மூன்று நாள் வாழையிலையில் சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து தெருவில் எந்தப் பொம்பிளை ஆளைப் பார்த்தாலும், “எங்க வீட்டுல என்ன கொழம்புன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்களேன்” என்று கெஞ்சலாமா என்று தோன்றும். கெஞ்சவில்லை. ஆவணி நாட்களைக் காலண்டரில் கிழிக்கிற வேலை என்னுடையது. நான் ஒரு வாரம் கிழிக்காமலே விட்டுப் பார்த்தேன். அதில் ஒன்றும் நிற்கவில்லை.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது மனையில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குப் பச்சைக் கேட் மாட்டினார்கள். வேறு தெருவில் வாடகைக்கு இருந்த குடும்பம், சொந்தமாகக் கட்டி வருகிறார்கள். அந்த வீட்டுப் பையன் நம் வகுப்புதான். முதல் பெஞ்சு. ஆறாம் வகுப்பிலேயே வாட்ச் கட்டி வந்தவன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவனும் நானும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வாட்ச் கட்டியவனிடம் என்ன பேசுவது?

ஆவணியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். தெருவில் பந்தல் கம்பு இறக்குகிற சத்தம் கேட்டது. இரும்புக் கம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மாடி முனைக்கு ஓடினாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன்.

“விசேஷம்டா! நம்ம தெருவுல விசேஷம்!”

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, உங்கள் ஊர்களிலும் இதுதான். ஒரே தெருவுக்குள் பத்திரிகை கிடையாது. வெளியூர்க்காரர்களுக்குத்தான் பத்திரிகை. தெருக்காரர்களுக்குப் பந்தல் கம்பு விழுகிற சத்தம்தான் அழைப்பு. அந்தச் சத்தம் கேட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டோடு பகை என்று அர்த்தம். பொம்பிளைகள் அவரவர் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வேலை முடிந்து கடைசிப் பந்தி நடக்கும்போது, விசேஷ வீட்டுக்காரர் தேடி வந்து, “வாங்க, எலை போட்டாச்சு” என்று கூப்பிட்டு உட்கார வைப்பார். கூப்பிடாமல் தானாக உட்கார்ந்தால் உட்கார்ந்தவனுக்குக் கேவலம். கூப்பிட மறந்தால் வீட்டுக்காரனுக்கு அதைவிடக் கேவலம்.

அப்பாவுக்கு மட்டும் லேசாகச் சந்தேகம். “டவுனு. ஒரு வார்த்தை சொன்னாங்களா நம்மகிட்ட?”

அம்மா என்னைப் பார்த்தாள். “தம்பி, வாசல்ல பேனர் கட்டிருக்காங்கல்ல, என்ன எழுதிருக்குன்னு படிச்சுட்டு வா.”

நான் ஓடிப்போய்ப் படித்தேன். ‘புதுமனை புகுவிழா’ என்று பெரிதாகப் போட்டு, கீழே வாட்ச்சுக்காரனின் தாத்தா கைகூப்பியபடி நிற்க, அவருக்கும் கீழே சிவப்பில் ஒரு வரி. ஓடி வந்து மூச்சிரைக்கச் சொன்னேன்.

“அனைவரும் வருக வருகன்னு போட்டிருக்கும்மா. ரெண்டு தடவ போட்டிருக்கு.”

“பாத்தீங்களா? எழுதியே வச்சுட்டாங்க. இதுக்கு மேல வந்து கால்ல விழுவாங்களா?”

இரண்டு தடவை என்று நான் அழுத்திச் சொன்னதுதான் அப்பாவை அசைத்தது. படித்தவன் சொல்கிறான். அம்மா பரணிலிருந்து அரிவாள்மனையை இறக்கினாள். நுணா மரத்துப் பலகை, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழுந்தது. அலகின் முனையில் தேங்காய் துருவப் பல் வைத்தது. டவுனுக்கு வந்ததிலிருந்து சமையல் மேடைக்குமுன் நின்று கத்தியால் அரிந்து அரிந்து கை சுணங்கிப்போயிருந்தவள், அதைக் கழுவித் துடைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குப் போகிற பிள்ளை மாதிரிக் கிளம்பினாள்.

பின்கட்டில் சமையல் நடந்துகொண்டிருந்தது. சமையல் மாஸ்டர் கீரனூர்ப் பக்கத்து ஆள், தோளில் துண்டு, காதில் பேனா. அம்மா நேராகப் போய், மூட்டையை அவிழ்த்துக் கத்திரிக்காயைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்து, அவரிடம் கேட்டாள்:

“இத யாரு வாங்குனது? பாதி முத்தலு. சாம்பார்ல வெதையா மெதக்கும். மாத்தச் சொல்லுங்க.”

மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு உரிமையோடு பேசுகிறவள் வீட்டுக்காரரின் அக்காவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார். “சரிங்கக்கா” என்றார். ஆளை விட்டுக் கத்திரிக்காயை மாற்றினார்.

கொஞ்ச நேரத்தில் வாட்ச்சுக்காரனின் அம்மா பின்கட்டுக்கு வந்தார். கையில் சாவிக்கொத்து, முகத்தில் முந்நூறு கவலை. கீழே உட்கார்ந்து பூசணிக்காயைப் பத்தை போட்டுக்கொண்டிருந்த என் அம்மாவைப் பார்த்தார். சமையல் ஆட்களில் ஒருத்தி என்று அவரும் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார்.

“ஏம்மா, அந்த அரிசியையும் களைஞ்சு வச்சுரு.”

“அதுக்கென்ன, வச்சுட்டாப் போச்சு” என்றாள் அம்மா, சந்தோசமாக. ஊரில் விசேஷ வீட்டுக்காரி அப்படித்தான் விரட்டுவாள். விரட்டாவிட்டால்தான் சங்கடம்.

அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு, வாசலில் சந்தனம் கொடுப்பார்கள் என்று நெற்றியைத் துடைத்துத் தயாராக வந்தார். வாட்ச்சுக்காரனின் அப்பா அவர் நிறுத்திய வண்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “எப்பா, வந்துட்டியா? சேரு ஏத்தணும், கடையில எடுத்து வச்சிருக்கான். அப்புடியே வாழமரம் ரெண்டு.” அப்பா சாயங்காலத்துக்குள் மூன்று நடை அடித்தார். வேட்டியில் வாழைக் கறை. என்னிடம் வந்து குனிந்து காதில் சொன்னார், “நம்ம ஊரு மாதிரியேதான்டா. பாத்த ஒடனே வீட்டு ஆளா நெனச்சு எவ்வளவு உரிமையா வேல சொல்றாரு பாத்தியா?”

அன்றைக்கு அங்கே உண்மை தெரியவந்த ஒரே ஆள் நான்தான். ஆட்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி யாரோ என் கையில் ஒரு ஜக்கைத் திணித்திருந்தார்கள். பந்தலுக்கடியில் வாட்ச்சுக்காரன் எதிரே வந்து நின்றான்.

“டேய், நீ எங்க இங்க?”

நான் ஜக்கைத் தூக்கிக் காட்டினேன்.

“ஒங்களுக்குப் பத்திரிக வச்சோமா?”

அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. டவுனில் பத்திரிகை வைத்தால்தான் வரலாம். பேனரில் இருக்கும் ‘அனைவரும்’ என்பது எல்லோரும் அல்ல. அப்படியென்றால் நாங்கள் மூன்று பேரும் அழைக்காத வீட்டுக்குள் புகுந்து நிற்கிறோம். திங்கட்கிழமை வகுப்பில் இது பரவினால்? எனக்கு மூளை வேகமாக வேலை செய்தது. வேகமாக வேலை செய்த மூளை என்றைக்கும் நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை.

“நாங்க சமையல் ஆளுங்கடா. மாஸ்டரோட வந்தோம்.”

“ஓ” என்றான். அதில் ஒரு கேவலமும் காட்டவில்லை. “பாயாசம் எப்ப ரெடியாகும்?”

“கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

மறுநாள் விடிந்ததும் போய்விட்டோம். ஹோமப் புகை தெருவெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா வெங்காயத்தை அரிந்துகொண்டே மாஸ்டரை மேய்த்தாள். ரசத்தை மோந்து பார்த்து, “இதுல மொளகு எங்க?” என்று இன்னொரு தரம் கொதிக்க வைத்தாள். கேசரிக்கு முந்திரி போதாது என்று ஒரு கை அள்ளிப்போட்டாள். பிறகு நினைத்துக்கொண்டு இன்னொரு கை. நெய் டின்னைச் சாய்த்துப் பிடித்தாள். மாஸ்டர் பொறுக்க மாட்டாமல், “அக்கா, சாமான் பத்தாதுக்கா” என்றார்.

“வீடு கட்டுறவங்களுக்கு நெய்யி பத்தாதா? ஊத்துங்க.”

வீட்டுக்கார அக்காவே சொல்கிறாள், நமக்கென்ன என்று மாஸ்டர் ஊற்றினார்.

இதற்கிடையில் வாட்ச்சுக்காரனின் அம்மா ஒரு நிமிஷம் மூச்சு வாங்க வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார். தலையெல்லாம் கலைந்திருந்தது.

“பாரும்மா இந்தத் தெருவ. எல்லாருக்கும் பத்திரிக வச்சுருக்கு. ஒரு பொம்பள வந்து ஒரு கை குடுத்தாளா? எட்டிக்கூடப் பாக்கல.”

அம்மா வெங்காயக் கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, “அத ஏன் கேக்குறீங்க! நானும் ரெண்டு மாசமாப் பாக்குறேன், ஒருத்தி வாயத் தொறக்கணுமே!” என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து தெருவைத் திட்டினார்கள். அப்படித் திட்டுவதில் இரண்டு பேருக்கும் அவ்வளவு ஆறுதல். அம்மா சிரித்துக்கூடச் சிரித்தாள். நான் ஜக்கோடு பந்தல் பக்கம் ஓடிவிட்டேன்.

பந்தி மேல் பந்தி. நம் சார்மார் இரண்டு பேர்கூட வந்திருந்தார்கள். நான் வாழையிலைக் கட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். கேசரியைச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் மாஸ்டரின் போன் நம்பரைக் கேட்டார்கள். மூன்று மணி வாக்கில் கடைசிப் பந்தி. அம்மா கையைக் கழுவி, சேலையை உதறிக் கட்டி, பின்கட்டு வாசற்படி ஓரம் நின்றாள். அப்பாவும் வந்து நின்றார். கூப்பிடுவார்கள்.

வாட்ச்சுக்காரனின் அப்பாவும் அம்மாவும் பின்கட்டுக்கு வரவும் செய்தார்கள். அம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

“மாஸ்டர், சாப்பாடு பிரமாதம்” என்றார் அந்த அம்மா. “அடுத்த மாசம் எங்க தங்கச்சிக்கு வளைகாப்பு. அதுக்கும் நீங்கதான். ஆனா ஒண்ணு, இந்த அக்காவ மறக்காமக் கூட்டிட்டு வந்துரணும். ஒங்க ஆளுங்கள்ல இவங்க ஒருத்தவங்கதான் ஒழுங்கா வேல செய்றாங்க.”

மாஸ்டர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். திரும்பவும் செருகினார்.

“எந்த அக்காவம்மா சொல்றீங்க?”

“இவங்கதான்.”

“இவங்க ஒங்க நாத்தனார்ல?”

“என் நாத்தனாரா? அவங்க வெளியூர்ல இருக்காங்க, வரவே இல்ல.”

“அப்ப ரெண்டு நாளா என்னையப் போட்டு இந்த வாங்கு வாங்குனது யாரும்மா?” மாஸ்டரின் குரல் உடைந்தது. “ஒங்க வீட்டு ஆளுன்னுதான நான் பயந்து பயந்து நெய்ய ஊத்துனேன்!”

“நெய்ய ஊத்தச் சொன்னது இவங்களா?”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையில் எடுத்த கவளத்தோடு திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் மூணாவது வீட்டுக்காரி” என்றாள் அம்மா. “மாடியில குடியிருக்கோம். தெருவுல விசேஷம்னு வந்தோம்.”

அந்த நேரம் பார்த்து வாட்ச்சுக்காரன் முன்னால் வந்தான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, கேள்விக்குப் பதில் தெரிந்தால் உடனே கையைத் தூக்கும் பழக்கம். “இல்லம்மா, சமையல் ஆளுங்கதான். இவனே சொன்னான்” என்று இலைக்கட்டுக்குப் பின்னால் இருந்த என்னைக் காட்டினான்.

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். அவள் பார்த்ததோடு சரி. இரண்டு தடவை வருக என்று போட்டிருக்கிறது என்று படித்துச் சொன்னவனும் நான்தான், விருந்துக்கு வரவே இல்லை, வேலைக்கு வந்தோம் என்று சொன்னவனும் நான்தான். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். அப்பா பின்னால் போனார். நான் அவருக்கும் பின்னால். மூன்று பேருக்கும் காலையிலிருந்து வயிற்றில் ஒரு டீக்குமேல் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மா பையை எடுத்தாள். சேலைகளை மடித்து வைத்தாள். “ஆவணி முடிய வேணாம். நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போறேன்.”

அப்பா பேன் சுவிட்சைப் போட்டார், அணைத்தார், போட்டார். நான் சுவரோரமாக உட்கார்ந்து, ஹாஸ்டலுக்கு எடுத்துப்போக என் தட்டில் பெயர் வெட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே புழக்கத்தில் கிடையாது.

அரைமணி நேரம் இருக்கும். மாடிப்படியில் ஏதோ தகர டப்பா உருளுகிற சத்தம். கதவைத் திறந்தால் முதலில் மாஸ்டர், கையில் சாம்பார் வாளி. அவருக்குப் பின்னால் பட்டு வேட்டியை மடித்துக்கட்டிய வாட்ச்சுக்காரனின் அப்பா, சோற்றுக் குண்டானோடு. அதற்குப் பின்னால் அவன் அம்மா, இலையும் அப்பளமும். கடைசியில் கேசரித் தட்டோடு அவன். அதற்கும் பின்னால், இவ்வளவு பேர் ஏன் தன் மாடிப்படியில் ஏறுகிறார்கள் என்று பார்க்க வந்த வீட்டுக்கார அம்மா.

மாஸ்டர்தான் ஆரம்பித்தார். “அக்கா, நான் அவங்ககிட்டச் சொல்லிட்டேன். நானும் பட்டிக்காட்டுக்காரன்தான். ரெண்டு நாளு வேல பாத்த பொம்பள எலையில கை வைக்காமப் போயிட்டா, அந்த வீட்டுல குடியேற முடியுமா? நான் சமைச்சதுதான் எனக்குச் செரிக்குமா?”

“தெரியாமப் போச்சுக்கா” என்றார் வாட்ச்சுக்காரனின் அம்மா. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “நாங்களும் இந்தத் தெருவுக்குப் புதுசு. ஒங்ககிட்ட ஒக்காந்துதான் நான் தெருவையே திட்டுனேன். சாப்பிடுங்கக்கா.”

அம்மா பையை மூடாமல், திறக்காமல், அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஒங்க வீட்டு விசேஷச் சோத்த எங்க வீட்டுல வச்சுத் திங்கவா நான் வந்தேன்?”

அப்பா கண்ணால் கெஞ்சினார். சாம்பார் வாசனை அறையெல்லாம் பரவிவிட்டது. ஆனால் அம்மா அசையவில்லை. “அங்க கூப்பிடுங்க. வாரேன்.”

வாட்ச்சுக்காரனின் அப்பா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தலையை ஆட்டினார். வந்த வழியே எல்லோரும் இறங்கினார்கள். சாம்பார் வாளி முன்னால், குண்டான் அடுத்து, எங்கள் அம்மா நடுவில், வீட்டுக்கார அம்மா கடைசியில். அவரை யாரும் கூப்பிடவில்லை. என்ன நடக்கிறது என்று தெரியாமலே கூட வந்தார். தெருவில் சாத்தியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஜன்னலில் முகங்கள். இரண்டு மாதமாக நான் பார்க்காத ஆட்கள் எல்லாம் அந்த வீடுகளில் இருந்தார்கள்.

பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். சேர்களை அடுக்கி என் அப்பாவின் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். “நிறுத்துங்கப்பா!” என்று மாஸ்டர் கத்தினார். பந்தல்காரர்களுக்கு வேறு இடத்துக்குப் போக வேண்டும், நிறுத்த மாட்டோம் என்றார்கள். கடைசியில் ஒரு மேசை மட்டும் மிஞ்சியது. மூன்று இலை. வாட்ச்சுக்காரனின் அம்மா வந்து என் அம்மாவின் கையைப் பிடித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“வாங்கக்கா, எலை போட்டாச்சு.”

அம்மா உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். சாம்பார் ஊற்றும்போது தலைக்குமேல் நிழல் இருந்தது. ரசத்துக்கு வரும்போது துணியை உருவிவிட்டார்கள், முகத்தில் சாய்ந்த வெயில். பாயாசத்துக்கு எனக்குப் பின்னால் இருந்த கம்பையும் பிடுங்கிவிட்டார்கள். வாட்ச்சுக்காரன் ஜக்கில் தண்ணீர் கொண்டுவந்து என் தம்ளரில் ஊற்றினான். அம்மா கேசரியை ஒரு வாய் போட்டு மென்றுவிட்டு மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நெய்யி கொஞ்சம் கூடிப்போச்சு” என்றாள்.

மாஸ்டர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தாள். கோபம் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிய பை கட்டிய மாதிரியே கதவோரம் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பொறி தட்டியது. அரிவாள்மனை. அந்த வீட்டுப் பின்கட்டில் கிடக்கிறது. அது இல்லாமல் அம்மா ஊர் போக மாட்டாள். நான் படியில் நாலு நாலாகத் தாவி ஓடினேன். பச்சைக் கேட்டருகில் வாட்ச்சுக்காரன் நின்றான்.

“டேய், ஒரு ஒதவி. எங்கம்மா அரிவாள்மனைய ஒளிச்சு வச்சுரு. கேட்டாலும் குடுக்காத.”

“எவ்வளவு நாளைக்கு?”

“நான் பத்தாவது முடிக்கிற வரைக்கும்.”

அவன் வாட்ச்சைப் பார்த்தான். எதற்குப் பார்த்தான் என்று இன்றுவரை தெரியாது. “சரி” என்றான். நாங்கள் நண்பர்களானது அப்படித்தான்.

மறுநாள் காலை அம்மா பையோடு நின்றாள். “அந்த அரிவாள்மனைய விட்டுட்டு வந்துட்டேன். அது வந்ததும் கெளம்பிடலாம்” என்றாள். முதல் பஸ் போயிருக்கும். இரண்டாவது பஸ்ஸும் போயிருக்கும். பத்து மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. வாட்ச்சுக்காரன். அன்றைக்கு இரண்டு பேருமே பள்ளிக்கூடம் போகவில்லை. அவன் கை வெறுமையாக இருந்ததைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது.

“அரிவாள்மனை எங்கப்பா?” என்றாள் அம்மா.

“அது… அம்மா அதுல தேங்கா துருவிக்கிட்டு இருக்காங்க” என்றான். பிறகு, சொல்லி அனுப்பியதை ஒப்பிக்கிறவன் மாதிரி, “ஒங்க வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

அம்மா ஒரு நொடி அவனையே பார்த்தாள். வீட்டில் அன்றைக்குக் குழம்பே வைக்கவில்லை. பையைத் தள்ளி வைத்துவிட்டு, “இரு சொல்றேன்” என்று அடுப்பைப் பற்ற வைத்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். புளி கரைத்துக் கொதி வந்த பிறகுதான், “கத்திரிக்கா புளிக்கொழம்புன்னு சொல்லு” என்று ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

அரிவாள்மனை வரவில்லை. அந்த வீட்டிலிருந்து வளைகாப்புக்குப் போனது. அங்கிருந்து எதிர்வீட்டுக் காதுகுத்துக்கு. பிறகு எங்கள் வீட்டுக்கார அம்மாவே ஒரு நாள் கேட்டு வாங்கிப்போனதாகக் கேள்வி. பதினாறு, பதினேழு வருசம் ஆகிறது. இப்போது அது எந்த வீட்டில் இருக்கிறது என்று தெருவில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

போன மாதம் வாட்ச்சுக்காரன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். டீக்கடையில் வைத்து, “என் படிப்பக் காப்பாத்துனது நீ ஒளிச்சு வச்ச அரிவாள்மனைடா” என்று நெகிழ்ந்து சொன்னேன். அவன் டீயைத் துப்பிச் சிரித்தான்.

“நான் எங்கடா ஒளிச்சேன்? ஒளிக்கலாம்னு உள்ள போனா, எங்கம்மா ஏற்கெனவே எடுத்துப் பரண்ல வச்சுட்டாங்க. எலையில ஒக்காரும்போதே ஒங்கம்மா அவங்க காதுல சொன்னாங்களாம். ‘அது இங்கயே கெடக்கட்டும், எம்மவன் வந்து கேட்டாலும் குடுத்துறாதீங்க’ன்னு.”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சமையல் மேடையில் கத்தியால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது அதில் கை பழகிவிட்டது. “ஏம்மா, ஊருக்கு எப்பப் போறதா இருக்க?” என்றேன்.

“அந்த அரிவாள்மனை வரட்டும் தம்பி. வந்ததும் கெளம்பிடலாம்” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

தெருமுனையில் பந்தல் கம்பு இறக்குகிற சத்தம் கேட்டது. யார் வீட்டு விசேஷம், பத்திரிகை வந்ததா என்று நான் கேட்கவில்லை. அம்மா கத்தியைக் கழுவித் துடைத்து, முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.